அறுபது பேர் கூடும் சபைக்கு எத்தனை சாவி வேண்டும்?

கேள்வி இதுதான். கோவில்பட்டிப் பக்கம் ஒரு சிற்றூர். 22 குடும்பங்கள், ஞாயிறு ஆராதனைக்கு 60 பேர் வரை வருகிறார்கள். ஏழு ஆண்டுகளாக ஒரே போதகர். பிரசங்கம், பாட்டு, காணிக்கைக் கணக்கு, பாய் விரிப்பது, கதவைத் திறந்து பூட்டுவது எல்லாம் அவரே. ஓய்வுநாள் பாடசாலையையும் பெண்கள் ஜெபக் கூட்டத்தையும் அவருடைய மனைவி பார்த்துக்கொள்கிறார். மாதக் காணிக்கை ஏறத்தாழ 14,000 ரூபாய். படித்த பிள்ளைகள் நகரத்துப் பெரிய சபைக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். ஆறு மாதமாக அவருக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. "சபையை வளர்க்கத் தெரியாதவன் நான் என்றே தோன்றுகிறது. ஒரு சிறிய சபையை ஆரோக்கியமாக, நெடுநாள் நடத்த என்ன வழி?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, நான் தென்னிந்தியத் திருச்சபையில் 34 ஆண்டுகள் குருவானவராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்களுடையது தனிச்சபை, என்னுடையவை திருமண்டலத்தின் கீழ் இருந்தவை. அந்த வேறுபாடு எனக்குத் தெரியும். எனக்கு மேலே ஒரு நிர்வாகம் இருந்தது, இடமாற்றம் இருந்தது, சம்பளம் இருந்தது. உங்களுக்கு இவை எதுவும் இல்லை. ஆனாலும் என் ஊழியத்தின் பெரும்பகுதி நாற்பது, ஐம்பது, எழுபது பேர் கூடுகிற கிராமத்துச் சபைகளிலேயே கழிந்தது. அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

சபையைப் பற்றிப் பேசுவதற்கு முன் உங்கள் தூக்கத்தைப் பற்றிப் பேச வேண்டும். ஆறு மாதத் தூக்கமின்மையை ஜெபக்குறைவு என்று எண்ணி இன்னும் ஒரு உபவாசத்தைக் கூட்டிக்கொள்ளாதீர்கள். வேதத்தில் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் விழுந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று சொன்ன இடத்தைத் திரும்ப வாசியுங்கள். தேவதூதன் அவரைக் கண்டிக்கவில்லை. தணலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். அவர் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில் அவரோடு பேசியதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆகவே இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு பார்க்கச் சொல்லுங்கள். மனம் பாரமாக இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் மனநல உதவி தமிழிலேயே கிடைக்கிறது, கட்டணம் இல்லை. விசுவாசிகளுக்கு மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று சொல்லும் போதகரைத்தான் அவர்கள் நம்பலாம். அந்தப் போதகர் முதலில் தமக்கே அதைச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

இனி, "வளர்க்கத் தெரியாதவன்" என்ற சொல். அது எனக்கு மிகவும் வலித்தது.

திருநெல்வேலிச் சபையின் தொடக்கத்தை எண்ணிப் பாருங்கள். 1780-ல் பாளையங்கோட்டையில் எழுதப்பட்ட முதல் சபைப் பதிவேட்டில் இருந்தவை 40 பெயர்கள். இன்று உங்கள் சபைக்கு வருகிறவர்களைவிடக் குறைவு. அவர்களோடு தங்கியிருக்கக் குருவானவர் ஒருவரும் இல்லை. அவர்களைக் கவனித்துவந்த ஜெர்மானிய மிஷனெரி ஸ்வார்ட்ஸ் ஐயர் இருந்ததோ தஞ்சாவூரில். அந்தச் சபையைத் தாங்கி நின்றவர் குளோரிந்தா என்ற பிராமணப் பெண்மணி. அவர் முன்னின்று எழுப்பிய ஆலயம் 1785-ல் முடிந்தது; இன்றைக்கும் ஊரார் அதைப் பாப்பாத்தி அம்மாள் கோவில் என்றுதான் சொல்கிறார்கள். அங்கே ஊழியம் செய்த சத்தியநாதன் குருப்பட்டம் பெற்றது 1790-ல். அதுவரை பத்து ஆண்டுகள், கூட வசிக்கும் குருவானவர் இல்லாமலேயே அந்தச் சபை உயிரோடு இருந்தது. பின்னால் வந்த பெரிய கோபுரங்களும் பள்ளிகளும் கல்லூரிகளும் அந்த 40 பெயர்களின் மேல் எழுந்தவை. ஆகவே எண்ணிக்கையை வைத்து உங்களை நீங்களே தீர்ப்பிட வேண்டாம். 60 பேர் கூடுவது முழுமையான ஒரு சபை. அது இன்னும் முளைக்காத பெரிய சபை என்று நினைத்து நடத்தினால், இருக்கிற 60 பேரையும் நீங்கள் சரியாகப் பார்க்க மாட்டீர்கள்.

உங்கள் கடிதத்தில் நான் கவலைப்பட்ட இடம் வேறு. கதவைத் திறந்து பூட்டுவதும் நீங்கள்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழு ஆண்டுகளாக ஒரு சாவியைக்கூட வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. அப்படியானால் சபை உங்கள் உடம்பின் மேல் நிற்கிறது. உங்களுக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்தால் ஆராதனை நடக்குமா? இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லிப் பாருங்கள். ஒரு சிறு சபை ஆரோக்கியமாக இருக்கிறதா என்று அறிய எனக்குத் தெரிந்த சோதனை இது ஒன்றுதான்.

எனக்கு அந்தச் சோதனை நான் கேட்காமலேயே வந்தது. குருப்பட்டம் பெற்ற ஆறாம் ஆண்டில் மஞ்சள் காமாலை பிடித்து ஐந்து வாரம் படுத்துவிட்டேன். ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதியைச் சேகரம் என்போம்; என் சேகரத்தில் ஒன்பது கிராமங்கள். ஒவ்வொன்றும் சிதறிப்போகும் என்று பயந்துகொண்டே படுத்திருந்தேன். மூன்றாம் வாரம் ஒரு சபையிலிருந்து பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வேதபாடம் வாசித்தார், பீடி சுற்றும் அக்கா ஒருவர் ஜெபம் நடத்தினார், பனையேறும் அண்ணன் ஒருவர், அதுவரை சபையில் வாய் திறக்காதவர், தம் மகன் நோயிலிருந்து எழுந்ததைச் சாட்சியாகச் சொன்னார், சபையே அழுதது. உண்மையைச் சொல்கிறேன், அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, வருத்தம்தான் வந்தது. நான் இல்லாமலும் நடக்கிறதே என்ற வருத்தம். அந்த வருத்தம் என்னைப் பற்றி எனக்குக் காட்டிக்கொடுத்ததை நான் மறக்கவில்லை. ஆறு ஆண்டுகளாக அந்த அண்ணனின் வாயை அடைத்து வைத்திருந்தது வேறு யார்?

மோசேயிடம் அவருடைய மாமனார் எத்திரோ, நீர் செய்கிற காரியம் நல்லதல்ல என்று சொன்னதை நாம் பல முறை பிரசங்கித்திருக்கிறோம். அதில் நாம் கவனிக்காமல் விடும் சொல் ஒன்று உண்டு. நீரும் தொய்ந்துபோவீர், உம்மோடு இருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்கிறார். எல்லாவற்றையும் ஒருவரே சுமந்தால் சுமப்பவர் மட்டும் களைப்பதில்லை. சும்மா உட்கார்ந்திருப்பவர்களும் சோர்ந்துபோகிறார்கள். உங்கள் பிள்ளைகள் நகரத்துக்குப் போனதற்கு அங்கே உள்ள கீபோர்டும் விளக்கும்தான் காரணம் என்று நினைக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் இங்கே அவர்களுக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லாமல் இருந்ததா என்றும் பாருங்கள்.

பகிர்ந்து கொடுப்பது எப்படி? பதவி கொடுத்துத் தொடங்காதீர்கள். மூப்பர், செயலாளர் என்று பெயர் வைத்தவுடன் ஊரில் உள்ள பழைய பகையெல்லாம் அந்த நாற்காலிக்கு வந்துவிடும். வேலையைக் கொடுங்கள், அதுவும் சிறியதாக. ஒரு குடும்பத்திடம் சாவி. ஒருவரிடம் வேதவாசிப்புப் பட்டியல். இருவரிடம் நோயாளிகளைப் பார்க்கும் பொறுப்பு. மூன்று மாதம் செய்யட்டும். செய்கிற விதத்தில் யார் எப்படிப்பட்டவர் என்று சபைக்கே தெரிந்துவிடும். பிரசங்கத்துக்கும் இரண்டு பேரைத் தயார் செய்யுங்கள். வியாழக்கிழமை மாலை அவர்களோடு உட்கார்ந்து, வருகிற ஞாயிறுக்கான பகுதியை வாசித்து, இது உங்கள் வீட்டில் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். ஆறு மாதத்தில் ஒருவர் பதினைந்து நிமிடம் பேசுவார். முதல் முறை தடுமாறுவார். அப்போது நீங்கள் எழுந்து திருத்தாமல் பின்வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். உங்களுக்கு அதுதான் கடினமான ஊழியமாக இருக்கும்.

கூட்டங்களைக் குறையுங்கள். நீங்கள் எழுதிய பட்டியலை எண்ணினேன்: ஞாயிறு இரு வேளை, செவ்வாய் பெண்கள் கூட்டம், புதன் வேத ஆராய்ச்சி, வெள்ளி உபவாச ஜெபம், மாதக் கடைசியில் முழு இரவு ஜெபம், மாதம் முதல் தேதி வாக்குத்தத்த ஆராதனை. 22 குடும்பங்களுக்கு இது தாங்காது. தீப்பெட்டி ஆலைக்குப் போய்வந்த பெண்ணிடம் வாரத்தில் நான்கு மாலைகளைக் கேட்கிறோம். வராதபோது ஆவிக்குரிய குளிர்ச்சி என்று பெயர் சூட்டுகிறோம். ஞாயிறு ஒரு ஆராதனை, வார நாளில் ஒரு கூட்டம், இவை போதும். மிச்சமாகும் மாலைகளில் வீடுகளுக்குப் போங்கள். வாரத்துக்கு ஆறு வீடு என்றால் நான்கு வாரத்தில் எல்லா வீட்டுக்கும் போய்விடலாம். ஆயிரம் பேர் உள்ள சபையின் போதகரால் இதைச் செய்யவே முடியாது. யார் வீட்டில் கடன்காரன் வந்து நிற்கிறான், எந்தப் பிள்ளை பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது, எந்தத் தாத்தாவுக்குக் கண்புரை என்று உங்களுக்கு மட்டுமே தெரியும். தனியாகப் போகாதீர்கள், மனைவியோடோ மூத்தவர் ஒருவரோடோ போங்கள்.

வாரத்தில் ஒரு நாள் உங்களுடையதாக இருக்கட்டும். நான் திங்களை வைத்திருந்தேன். அன்று சாவு விழுந்தால் போவேன்; மற்ற எதற்கும் இல்லை. முதலில் முணுமுணுப்பு இருந்தது. ஒரு வருடத்தில் ஊரே, "இன்னைக்குத் திங்கக்கிழமை, ஐயரைத் தொந்தரவு செய்யாதீங்க" என்று சொல்லப் பழகிவிட்டது.

பணத்தைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும். சிறு சபைகள் உடைவதை நான் பார்த்த இடங்களில் உபதேச வேறுபாட்டைவிடப் பணமும் நிலமும்தான் அதிகம் உடைத்தன.

நீங்கள் நேர்மையானவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதனால்தான் காணிக்கைப் பையை நீங்கள் தொடக்கூடாது என்கிறேன். எருசலேமின் ஏழைகளுக்குத் திரட்டிய பணத்தைக் கொண்டுபோகப் பவுல் தம்முடன் வேறு சகோதரர்களையும் சேர்த்தார். ஒருவரும் குற்றம் சொல்ல இடம் இருக்கக்கூடாது என்று அவரே காரணமும் எழுதுகிறார். ஆராதனை முடிந்தவுடன், உறவினர் அல்லாத இரண்டு பேர் எல்லோர் கண்முன்னும் எண்ணட்டும். தொகையை நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்திடட்டும். வரவும் செலவும் மாதத்துக்கு ஒரு முறை சுவரில் ஒட்டப்படட்டும், மின்கட்டணம் வரைக்கும். வங்கிக் கணக்கு சபையின் பெயரில், இரண்டு கையெழுத்தோடு இருக்க வேண்டும். இப்போது அது உங்கள் பெயரில் இருந்தால் அதை மாற்றுவதுதான் முதல் வேலை.

அந்த 14,000 ரூபாயில் உங்களுக்கு எவ்வளவு என்று சபை கூடி முடிவு செய்யட்டும். வாடகையும் செலவும் போக மிஞ்சியது போதகருக்கு என்ற வழக்கம் இரு பக்கமும் நஞ்சு. காணிக்கை குறைந்த மாதம் உங்கள் வீட்டில் அரிசி குறைகிறது. உடனே உங்கள் பிரசங்கத்தில், வருமானத்தில் பத்தில் ஒன்றைக் கொடுக்கச் சொல்லும் தசமபாகப் பேச்சு கூடுகிறது. கேட்பவர்களுக்கு அது புரிந்துவிடுகிறது. ஒரு தொகையை உறுதி செய்து, அது குடும்பத்துக்குப் போதாது என்றால், வாரத்தில் மூன்று நாள் வேறு தொழில் செய்யுங்கள். நீங்கள் மின்பணியாளர் பயிற்சி பெற்றவர் என்று எழுதியிருக்கிறீர்கள். கூடாரம் தைத்துப் பிழைத்த பவுல் அப்போஸ்தலனை முன்னால் வைத்துக்கொண்டு இதில் என்ன வெட்கம்? சபை கேட்கும் நேரமும் சபை கொடுக்கும் பணமும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும், அவ்வளவுதான்.

சிறு சபையின் பணம் சிறு கைகளிலிருந்தே வர வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைச் சபைக்கென்று தனிப்பானையில் போட்டுவைக்கும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மிசோரமில் 1910-ல் தொடங்கிய இதே வழக்கம் இன்றும் அங்கே திருச்சபைகளின் பெரிய வருமான வழிகளில் ஒன்று. 1903-ல் பாளையங்கோட்டையில், பின்னாளில் பேராயரான அசரியாவும் அவருடைய நண்பர்களும் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்திய நிர்வாகம் என்பதைக் கொள்கையாக வைத்தார்கள். வெளியிலிருந்து வரும் பணத்தை நம்பி அவர்கள் தொடங்கவில்லை. ஒரு பெரிய நன்கொடையாளர் தாங்கும் சபையில் அவர் இருமினால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். இருபது வீடு தாங்கும் சபையில் அந்தப் பயம் இல்லை. வெளிநாட்டு அமைப்போ வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவரோ பணம் அனுப்புகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் சபை அதைப் பெறக் கூடாது.

நிலம். இதை அழுத்திச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு போதகர், நல்ல மனிதர், சபையார் நகை விற்றுக் கொடுத்த பணத்தில் ஒன்பது சென்ட் வாங்கினார். அவசரத்தில் தம் பெயரிலேயே பத்திரம் பதிந்தார். அவர் இறந்த பிறகு பிள்ளைகள் அது குடும்பச் சொத்து என்றார்கள். வழக்கு நடக்கிறது, ஆலயத்தில் இரண்டு பூட்டு தொங்குகிறது. நீங்கள் இடம் வாங்குவதற்கு முன்பே சபையை அறக்கட்டளையாகவோ, 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் சங்கமாகவோ பதிவு செய்யுங்கள். சங்கத்துக்குக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். அந்த ஏழில் பாதி உங்கள் உறவினராக இருக்கக் கூடாது. பத்திரமும் பட்டாவும் அதன் பெயரில் இருக்க வேண்டும். வழிபாட்டுக் கட்டடம் எழுப்ப மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை. அந்த அனுமதியை வாங்காமல் அஸ்திவாரம் தோண்டாதீர்கள். ஒலிபெருக்கியைப் பொறுத்தவரை, இரவு பத்துமணிக்கு மேல் கூடாது என்பது சட்டம். 60 பேருக்கு அது பகலிலும் தேவையில்லை.

உங்கள் முதுமைக்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஒன்றும் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். அஞ்சலகத்தில் பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கை ஆண்டுக்கு 500 ரூபாயிலிருந்தே நடத்தலாம். 15 ஆண்டுகள் ஓடும். தேவாலயங்களில் பணியாற்றும் உபதேசியார்களுக்கும் பணியாளர்களுக்கும் தமிழ்நாடு அரசு ஒரு நல வாரியம் அமைத்திருக்கிறது. உங்கள் நிலையில் உள்ளவர்கள் சேர முடியுமா என்று மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் கேளுங்கள். எழுபது வயதிலும் பிரசங்க மேடையை விட முடியாமல் நிற்கிற பலர் அழைப்பின் காரணமாக நிற்பதில்லை, இறங்கினால் சோறு இல்லை என்பதால் நிற்கிறார்கள். அந்த நிலைமை உங்களுக்கு வேண்டாம்.

உங்கள் மனைவியைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த வரியில் இரண்டு வேலைகள் இருந்தன; அவருக்கு விருப்பமா என்று இல்லை. சபை உங்களை அழைத்தது. அவரை யாரும் அழைக்கவில்லை, அவர் உங்களோடு வந்தார். ஓய்வுநாள் பாடசாலை அவருக்குச் சந்தோஷம் தருகிறதா, இல்லை பத்து வருடம் கழித்து உங்கள் மேல் கோபமாகத் திரும்பப்போகிறதா என்று இன்றிரவே கேளுங்கள். அங்கேயும் அவர் தனியாக இருக்க வேண்டாம். பிள்ளைகள் இருக்கும் அறையில் எப்போதும் பெரியவர் இருவர் இருக்கட்டும். பிள்ளைகளிடம் யாராவது தவறாக நடந்தது தெரிந்தால் சபைக்குள் பேசி முடிப்பது என்ற பேச்சே கிடையாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐச் சுவரில் எழுதி வையுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் சபையில் பெரும்பாலோர் ஒரே சமுதாயத்தார் என்று ஊரின் பெயரை வைத்து ஊகிக்கிறேன். வேறு தெருவிலிருந்து ஒரு குடும்பம் வந்தால் எங்கே உட்காருகிறது, திருவிருந்துப் பாத்திரம் அவர்களுக்கு எப்போது வருகிறது, அவர்கள் வீட்டில் நீங்கள் சாப்பிட்டது உண்டா? நம் திருச்சபைகளின் மிகப் பழைய நோய் சாதி. சிறு சபையில் அது ஒளிந்துகொள்ள இடம் அதிகம், ஏனென்றால் எல்லோரும் சொந்தக்காரர்கள், எல்லாம் வழக்கம். அந்த வீட்டுக்கு முதலில் போய்ச் சாப்பிடுங்கள். பிரசங்கம் பிறகு இருக்கட்டும். இரண்டு குடும்பம் கோபித்துக்கொண்டு போகலாம். போகட்டும்; 20 குடும்பங்களோடு அந்தச் சபை முன்பைவிடச் சுகமாக இருக்கும்.

நகரத்துக்குப் போன பிள்ளைகளிடம் கசப்பு வேண்டாம். திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போகிறவர்களை ஜெபித்து அனுப்புகிறோம் அல்லவா, இவர்களையும் அப்படியே அனுப்புங்கள். எங்கள் பக்கத்தில் அசனப் பண்டிகைக்கு, எந்த ஊரில் இருந்தாலும் பிள்ளைகள் வந்து வெங்காயம் உரித்து, பந்தியில் சோறு போடுவார்கள். உங்கள் சபையிலும் ஆண்டுக்கு ஒரு முறை எல்லோரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் நாள் ஒன்றை வையுங்கள். போனவர்களையும் அழையுங்கள். அண்டாவின் பக்கத்தில் அவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள்.

விட்டுவிடலாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். தூக்கம் இல்லாத மாதத்தில் அந்த முடிவை எடுக்காதீர்கள். அடுத்த மாதம் இரண்டு ஞாயிறு விடுப்பு எடுங்கள். எங்கே போகிறீர்கள் என்று சபைக்குச் சொல்லுங்கள், யார் நடத்துவார்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். போனை அணைத்துவிட்டு உங்கள் மனைவியின் ஊருக்குப் போங்கள். அங்கே ஏதாவது ஒரு ஆலயத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து, யாருக்கும் போதகராக இல்லாமல் ஆராதியுங்கள். திரும்பி வந்த பிறகு அந்தக் கேள்வி அப்படியே இருந்தால் எனக்கு மறுபடியும் எழுதுங்கள், பேசுவோம். கிளம்புவதற்கு முன் சாவியை யாரிடம் கொடுத்தீர்கள் என்பதையும் அந்தக் கடிதத்தில் சொல்லுங்கள்.